ராத்திரி மடையும் வலிப்பும்

செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்தில் என் நிலம். போன தையில் மும்முனை மின்சாரம் ராத்திரியில்தான் வந்தது. மூணு ராத்திரி கண்விழித்து மடை மாற்றிய தம்பிக்கு, விடிகாலையில் கிணற்று மேட்டிலேயே வலிப்பு. சாவிக்கொத்தைத் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

“தூங்கினாரா?” மருத்துவரின் முதல் கேள்வி இதுதான்.

இருட்டியதும் மூளையின் பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கும். வெளிச்சம் பட்டால் குறையும். 1958இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆரோன் லெர்னர் மாட்டின் பினியலிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். வலிப்பின்போது மூளைச் செல்களைத் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்களை இது அடக்குவதாக விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் வலிப்பு மாத்திரைக்கு இது மாற்றல்ல.

இப்போ தம்பி மாத்திரையை விடுவதில்லை. மூடாக்கு போட்டதில் பாய்ச்சலும் குறைந்துவிட்டது. மிச்ச ராத்திரி மடை என் பொறுப்பு. மண்ணைக் காக்கிற நாம, உழைக்கிறவங்க தூக்கத்தையும் காக்கணும் இல்லீங்களா?