மருந்துச் சீட்டிலும் டி.டி.எஸ்.!



டி.டி.எஸ். என்றாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். வருமான வரிப் பிடித்தம் நினைவுக்கு வரும். ஓ.டி. என்றால் பாங்கு ஓவர் டிராஃப்ட். ஏ.சி. என்றால் குளிர்சாதனம். இதே எழுத்துகள் டாக்டர் சீட்டில் வந்தால் கணக்கே வேறு.

அங்கே ஓ.டி. என்பது தினம் ஒரு வேளை. பி.டி. இரு வேளை, பீடி என்று படித்துவிட வேண்டாம். டி.டி.எஸ். மூன்று வேளை. எச்.எஸ். படுக்கும்போது. எஸ்.ஓ.எஸ். என்றதும் கப்பல் மூழ்குகிறது என்று பதற வேண்டாம். தேவைப்பட்டால் மட்டும் சாப்பிடலாம் என்று பொருள். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. பின். இவை பெரும்பாலும் லத்தீன் மொழி. பி.டி.யில் உள்ள ‘பிஸ்’ என்றால் இரண்டு முறை. பிரெஞ்சுக்காரர்களும் ஒரே கதவு எண் இரண்டாம் தடவை வந்தால் ‘பிஸ்’ போடுவார்கள். 1954 வரை அவர்கள் ஆண்ட நம் காரைக்காலில், பிரெஞ்சு படித்த பெரியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்.

சிரிப்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. நம் மளிகை நண்பர் ஒருவர் சர்க்கரை நோய்க்காரர். ஒருநாள் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்த நேரம் பார்த்து லாரி வந்துவிட்டது. மூட்டை இறக்கி எண்ணி முடிப்பதற்குள் மணி மூன்று. சாப்பாடு மறந்தே போயிற்று. உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு. சுற்றி நின்றவர்கள், “சர்க்கரை வியாதிக்காரர், இனிப்பு எதுவும் கொடுத்துவிடாதீர்கள்” என்றார்கள். அடுத்த மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து, “இது ஹைப்போ, உடனே சர்க்கரை கொடுங்கள்” என்று சத்தம் போட்டார். கடைச் சர்க்கரையையே தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது கிலோ மூட்டை பக்கத்தில் இருந்தும், ஒரு சொல் தெரியாமல் ஆளை இழந்திருப்போம்.

ஆகவே ‘ஹைப்பர்’ என்றால் உபரி, ‘ஹைப்போ’ என்றால் துண்டு விழுவது என்று பேரேட்டுக் கணக்காக நினைவில் வையுங்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் ஹைப்போ. நினைவு இருந்தால் இனிப்பு கொடுக்கலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இன்னும் இரண்டு சொற்கள். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அந்த உறுப்பில் அழற்சி. டான்சிலைட்டிஸ் என்றால் டான்சிலில். ‘நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட் வந்தால் நஷ்டம் என்று முகம் வாட வேண்டாம். தேடிய நோய் சோதனையில் தென்படவில்லை என்று அர்த்தம்.

வைத்தியத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று சிலர் கேட்பார்கள். 1847-இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்றுக்கொடுத்தார். உடற்கூற்றுக்கு ‘அங்காதிபாதம்’, அறுவைச் சிகிச்சைக்கு ‘இரண வைத்தியம்’ என்று நூல்களும் தந்தார். கடல் கடந்து வந்தவர் நம் மொழியில் சொல்ல முயன்றார். நாம் நம் மொழியில் கேட்கவாவது வேண்டாமா?

சரக்கு வாங்கினால் பில்லை வரி வரியாகச் சரிபார்க்கிறோம். மருந்துச் சீட்டையும் அப்படியே பாருங்கள். புரியாவிட்டால், “எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா?” என்று கேட்டு, அட்டையிலேயே தமிழில் எழுதி வாங்குங்கள். கேட்பதற்கு வரி கிடையாது!