சேவை செய்தால் சம்பளம் வேண்டாமா?

"தொண்டு நிறுவனத்துல வேலை" என்று ஒரு பெண் சொன்னால், "அதெல்லாம் ஒரு வேலையா? சும்மா ஊரைச் சுத்தறதுதானே?" என்று நம்மில் பலர் கேட்டு விடுகிறோம். அந்தச் சுற்றலில் எவ்வளவு பாடு இருக்கிறது என்று தெரிந்தால் இப்படிக் கேட்க வாய் வராது.

நம் திருச்சியையே எடுத்துக் கொள்ளுங்கள். கல்மந்தை குடிசைப் பகுதி, திறந்தவெளியில் மலம் கழிப்பதை அறவே ஒழித்த பகுதி என்று 2002-ல் பெயர் வாங்கியது. 'கிராமாலயா' அமைப்பின் துணையோடு, அங்குள்ள பெண்களே குழு சேர்ந்து பொதுக் கழிப்பறையைப் பராமரித்தார்கள், காசு வாங்கிக் கணக்கும் எழுதினார்கள். இப்படி ஒரு மாற்றம் வர, யாராவது வீடு வீடாகப் போய்ப் பேசியாக வேண்டும். அந்த 'யாராவது' பெரும்பாலும் பெண்தான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலும் அப்படி ஒரு பெண் இருக்கிறார். அவர் வேலை பார்ப்பது வேறு ஒரு சின்ன நிறுவனத்தில். காலை ஏழரைக்குக் கிளம்பி, டவுன் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய், அங்கிருந்து முசிறி பஸ் பிடித்து, இறங்கிய பின் கிராமத்துக்கு நடை. வயல் வேலை முடித்துப் பெண்கள் வீடு திரும்பிய பிறகுதான் கூட்டம் போட முடியும். இவர் வீடு வந்து சேர இரவு ஒன்பது ஆகி விடும்.

இவருக்குத் தருவது சம்பளம் இல்லையாம், 'மதிப்பூதியம்'! அதுவும் ப்ராஜெக்ட் பணம் வந்தால்தான். வேலையில் சேர்ந்ததற்கு ஒரு கடிதம்கூடக் கிடையாது. 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும், "பஸ்தான் ஃப்ரீயாச்சே" என்று பயணப்படியைக் குறைத்து விட்டார்கள். முசிறி பஸ்ஸுக்கு யார் காசு கொடுப்பது?

"கக்கூஸ் கட்டுங்கன்னு ஊர் ஊரா பேசறேன்க்கா. ஆனா எனக்கு ஒதுங்க இடமில்லே. அதனால பகல்ல தண்ணியே குடிக்கிறதில்லே" என்றார் ஒரு நாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாதுகாப்பு விஷயமும் இப்படித்தான். ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தவர் பன்வாரி தேவி. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக, 1992-ல் தன்னைச் சிலர் கூட்டாகப் பலாத்காரம் செய்ததாகப் புகார் கொடுத்தார். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில்தான் சுப்ரீம் கோர்ட் 1997-ல் 'விசாகா' நெறிமுறைகளைத் தந்தது. 2013-ல் சட்டமே வந்தது.

இந்தச் சட்டம் தொண்டு நிறுவனங்களுக்கும் உண்டு. வேலையாகப் போகிற ஊர், நிறுவனம் அனுப்பும் வண்டி எல்லாமே வேலை இடம்தான். 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்தால் அங்கேயே புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்கும் குறைவு என்றால், மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். இதில் ஒரு வேடிக்கை! மற்ற அலுவலகங்களின் குழுவில் வெளி ஆளாகத் தொண்டு நிறுவனப் பெண்களை உட்கார வைக்கச் சட்டமே வழி சொல்கிறது. அவர்களில் எத்தனை பேர் தங்கள் சொந்த ஆபீஸில் அந்தக் குழு எங்கே என்று கேட்க முடியும்?

தோழிகளே! உங்கள் மகளோ தங்கையோ இந்த வேலைக்குப் போனால், வேலைக் கடிதம், சம்பளத் தேதி, பயணப்படி, புகார்க் குழு நான்கையும் முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். நன்கொடை கொடுப்பவர்கள், "உங்க ஸ்டாஃபுக்கு ஒழுங்கா சம்பளம் தர்றீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நோட்டும் பேனாவுமாக ஒரு பெண் உங்கள் வாசலில் நின்றால், உள்ளே கூப்பிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். "பாத்ரூம் போகணுமாம்மா?" என்றும் கேளுங்கள். அவர் வாய் விட்டுக் கேட்க மாட்டார்.

- ஓர் இல்லத்தரசி, ஸ்ரீரங்கம்.