மார்கழி மேடையும் கேத வீட்டுக் கொட்டும்

கீழவைப்பாரில் வைப்பாறு கடலோடு சேரும் பக்கம் இந்த மாதங்களில் அதிகாலையில் நின்றால் காற்றின் ஈரம் சட்டையில் ஒட்டும். மீன் காயப்போடுகிறவர்களுக்கும் உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் இந்த ஈரம் ஆகாது. பறை அடிப்பவர்களுக்கும் ஆகாது. தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிட்டால் அடி பொத்தென்று விழும். வைக்கோலைக் கொளுத்தி, அனலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் சத்தத்தை மேலே ஏற்ற வேண்டும். மழையும் பனியும் சேர்ந்த இந்தக் காலத்தில்தான் நம் கலைக்குழுக்களுக்கு அழைப்பும் அதிகம் வருகிறது.

குலசேகரன்பட்டினம் தசரா முடிந்து, வேடம் கட்டிய குழுக்களோடு ஊர் ஊராகப் போன செட்டுகள் வீடு திரும்பிவிட்டன. இனி மார்கழி, அதன் பின் பொங்கல். கல்லூரி விழா, கட்சி மாநாடு, நூல் வெளியீடு, சென்னை மேடைகள் என்று தை முடியும்வரை போன் அடித்துக்கொண்டே இருக்கும். இந்தப் பருவத்துக்குக் கிளம்பும் இளைஞர்கள் கிளம்பும் முன் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. ஐந்திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவையோடு பறையையும் தொல்காப்பியம் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை. நம் கடற்கரைக்கு, அதாவது நெய்தலுக்கு, மீன்கோட்பறை. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் பட்டியல்தான் இது. எல்லா நிலத்துக்கும் பொதுவாக இருந்த கருவி எப்படி ஒரு சாதியின் தலையில் மட்டும் சுமையாக இறங்கியது என்று எந்த வகுப்பிலும் கேட்டதாக நினைவில்லை.

மார்கழி என்றால் சென்னை சபாக்களில் கச்சேரி என்ற வழக்கம் ஏதோ ஆதிகாலத்தது போலப் பேசப்படுகிறது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாகவே அடுத்த ஆண்டு மியூசிக் அகாடமி உருவானது. டிசம்பர் சீசன் அதிலிருந்து வளர்ந்ததுதான். அதே 1927 டிசம்பர் 25 அன்று மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஒரே மாதத்தில் நடந்த இந்த இரண்டையும் சேர்த்து வாசித்துப் பார்க்கலாம்.

அந்த மார்கழிக்குள் நம் கொட்டு நுழைய ஏறக்குறைய 90 ஆண்டுகள் பிடித்தன. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பெயர். கானாவும் பறையும் ராப்பும் கிட்டாரும் அங்கே ஒன்றாக ஒலித்தன. அந்தக் குழுவில் பாடிய இசைவாணி 2020-இல் பிபிசியின் உலகப் பெண்கள் நூறு பேர் பட்டியலில் இடம்பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. அடுத்த ஆண்டு அது மதுரையிலும் கோவையிலும் மேடை போட்ட பிறகே சென்னைக்குப் போனது. தென்மாவட்டத்துக் கலைஞர்களுக்கு அது பெரிய விஷயம்.

இதற்கெல்லாம் முன்பே இங்கே பாதை போட்டவர்கள் உண்டு. இளையான்குடிப் பக்கத்து மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, தேவாலயப் பாட்டுக்கே நாட்டுப்புற மெட்டைக் கொண்டுவந்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் அருட்சகோதரி சந்திரா தலித் பெண்பிள்ளைகளின் கையில் பறையைக் கொடுத்தார். ஆண்கள் மட்டுமே தொட்ட கருவி அது. கோயில் கொடைக்கு அடிக்கவும் கேதத்துக்கு அடிக்கவும் பெண்ணை யாரும் கூப்பிட்டதில்லை. அதனாலேயே அந்தப் பிள்ளைகள் அடித்தபோது அது ஏவலாக இல்லாமல் கலையாக மட்டும் காதில் விழுந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கடற்கரைக்கே வந்த கச்சேரியும் உண்டு. 2015-இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பின் நடுவில், பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து விழா எடுத்தார்கள். கர்நாடக இசையும் பறையும் கூத்தும் ஒரே மணலில் நடந்தன. நம் மாவட்டத்தில் 2022-இல் நெய்தல் கலைவிழா தூத்துக்குடி நகரத்தில் தொடங்கியது. வேம்பார், கீழவைப்பார் போன்ற ஊர்களின் மணலிலும் ஒரு நாள் மேடை போட்டால் என்ன என்பது என் ஆசை.

இப்போது அந்தச் சங்கதிக்கு வருவோம். மேடையில் பொன்னாடை, கைத்தட்டல், செல்போன் வெளிச்சம். அதே பையன் ஊருக்குத் திரும்பிய மறுநாள், மேலத்தெருவில் ஒரு கேதம் என்று ஆள் வருகிறது. வெற்றிலை பாக்கு கிடையாது, கூலிப் பேச்சு கிடையாது. “வந்து அடிச்சிட்டுப் போல, ஒங்கப்பன் அடிச்சான்லா” என்கிற அதட்டல்தான். சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் ஒரு கொடைக்குப் போயிருந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். மூன்று நாள் அடித்த செட்டுக்குப் பந்தியில் இடமில்லை, பின்பக்கம் இலை போட்டார்கள். அன்று சப்பரத்தடியும் மருளடியும் அடித்துச் சாமியை இறக்கியவர், இலையை மடித்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்து போனார். கூட இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, பசி அப்படி.

பறையே வேண்டாம், தூக்கி எறியுங்கள் என்று சொன்ன தலைமுறை ஒன்று நமக்கு உண்டு. அந்தக் கோபத்தை இன்றைய மேடை ரசிகர்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று நின்றதற்காக அடிவாங்கியவர்களும் ஊர்விலக்கு அனுபவித்தவர்களும் தமிழகம் முழுக்க உண்டு. மறுபக்கம், அலங்காநல்லூர் வேலு ஆசான் இதே பறையால் 2025-இல் பத்மஸ்ரீ பெற்றார். எறியச் சொன்னவர்களும் எடுத்து அடித்தவர்களும் எதிரெதிர் அணி என்று நான் நினைக்கவில்லை. யார் சொல்லி அடிப்பது, அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா, முடியாதா என்பதுதான் இரண்டு பேரும் கேட்ட கேள்வி.

முடியும் என்கிறது சட்டம். கூலியில்லாக் கட்டாய வேலையை அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்கிறது. பட்டியலினத்தவரை அப்படி வேலை வாங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். கேதத்துக்கு அடிப்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. விரும்பிப் போகிறவர் கூலி பேசிப் போகலாம். அதட்டிக் கூப்பிடுவது வேறு.

நகரத்து மேடைக்காரர்களிடமும் கறாராகத்தான் இருக்க வேண்டும். 'நம்ம மக்கள் விழா' என்று சொல்லி வண்டி வாடகைக்கு மட்டும் பணம் கொடுப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். போனில் ஒப்புக்கொள்ளும் முன்பே எத்தனை பேர், எவ்வளவு சன்மானம், முன்பணம் எவ்வளவு, இரவு எங்கே தங்குவது, பெண்பிள்ளைகளுக்கு உடை மாற்றத் தனி அறை உண்டா என்று கேட்டுவிடுங்கள். நோட்டீஸில் 'பறையாட்டம்' என்று மட்டும் போடாமல், குழுவின் பெயரும் ஆசானின் பெயரும் போடச் சொல்லுங்கள். மிருதங்கம் வாசிப்பவருக்குப் பெயர் போடுகிறார்கள் அல்லவா? தோல் காய்ச்ச வைக்கோல் கொளுத்த இடம் உண்டா என்பதையும் கேளுங்கள். அரங்குக்குள் நெருப்பு கூடாது என்பார்கள், பின்வாசலில் கேட்டு வாங்குங்கள். இந்தத் தொல்லைக்குப் பயந்தே பல குழுக்கள் பைபர் பறைக்கு மாறிவிட்டன. தோலின் நாதம் அதில் வராது என்று பழைய ஆசான்கள் முணுமுணுக்கிறார்கள்.

2007-இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிவு செய்யாமல் ஆடும் கலைஞர்கள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பு உதவி உட்படப் பல உதவிகளுக்கு அந்த அட்டை வேண்டும். திருநெல்வேலியில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் விவரம் கேட்கலாம். மாவட்டக் கலை மன்றம் வழங்கும் விருதுகளில் 18 வயது வரை உள்ளவர்களுக்குக் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி. பள்ளி, கல்லூரியில் படித்துக்கொண்டே அடிக்கும் பிள்ளைகள் இந்தப் பருவத்தின் நோட்டீஸ்களையும் படங்களையும் சான்றிதழ்களையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள்.