ஒரு கைக்குறிப்பும் மூவகைக் கணிப்பொறிகளும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

கணிப்பொறியில் ஏதேனும் புரியாவிட்டால் நாம் முதலில் நாடுவது உதவிப் பக்கத்தைத்தான். பல மென்பொருள்களில் எஃப்1 என்னும் விசையைத் தட்டினால் அது திறக்கும். 'இதை இப்படிச் செய்க' என்று அது சொல்லும்; நாமும் நம்பிச் செய்வோம். அந்த நம்பிக்கை எப்படிப் பொய்த்துப் போகக்கூடும் என்பதை இவ்வாண்டு என் சொந்தத் தவற்றினாலேயே அறிந்துகொண்டேன்.

நம் நூலகப் புத்தகங்களின் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றும் பணியில் ஏழாம் வகுப்புத் தங்கைகள் சிலர் ஈடுபட்டனர். அவர்களுக்கு உதவியாக நான்கு பக்கக் குறிப்பு ஒன்று எழுதித் தரும்படி நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் என்னிடம் கூறினார்கள். வீட்டிலுள்ள விண்டோஸ் கணிப்பொறியில் லிப்ரே ஆபீஸ் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் செய்து பார்த்தே எழுதினேன். வேலை முடித்து மூடும்போது மூன்று பொத்தான்களுடன் ஒரு கேள்விப் பெட்டி தோன்றும். "இடது ஓரத்துப் பொத்தானை அழுத்தவும்" என்று எழுதினேன். என் கணிப்பொறியில் அங்கே இருந்தது 'சேவ்'.

பள்ளிக் கணிப்பொறிகளில் இருப்பதோ லினக்ஸ். அங்கே இடது ஓரத்தில் இருந்தது 'டோன்ட் சேவ்'!

ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் அமர்ந்து 73 புத்தகங்களை ஏற்றிய தங்கை ஒருத்தி, என் குறிப்பின்படி இடது ஓரத்தை அழுத்தினாள். அத்தனையும் போயிற்று. "பொத்தானில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லையா?" என்று கேட்டேன். "படித்தேன் அக்கா. ஆனால் நீங்கள் இடது ஓரம் என்றுதானே எழுதியிருந்தீர்கள்" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இது ஏன் நேர்ந்தது? கணிப்பொறியின் உறுப்புகளையும் அதிலுள்ள மென்பொருள்களையும் கட்டி ஆள்வது இயங்குதளம். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவை இன்று பெரும்பாலும் காணப்படுபவை. ஒரே மென்பொருள் மூன்றிலும் ஓடலாம். ஆனால் அது அந்தந்த வீட்டு வழக்கப்படி நடந்துகொள்ளும். எங்கள் சமையலறையில் அடுப்புக்கு இடப்புறம் உப்பு ஜாடி இருக்கிறது. பெரியம்மா வீட்டில் அதே இடத்தில் சர்க்கரை. "இடப்புற ஜாடியிலிருந்து ஒரு கரண்டி போடு" என்று சமையல் குறிப்பு எழுதினால் பெரியம்மா வீட்டுக் குழம்பு என்னவாகும்? விண்டோஸ் சம்மதப் பொத்தானை இடப்புறம் வைக்கிறது. மேக்கும், லினக்ஸில் புழங்கும் க்னோம் என்னும் முகப்பும் அதை வலது ஓரத்தில் வைக்கின்றன. விசைகளும் அப்படித்தான்: மற்ற இரண்டிலும் கன்ட்ரோல் விசை செய்கிற பல வேலைகளை மேக்கில் கமாண்ட் விசை செய்கிறது.

நிற்க. குறிப்பைத் திருத்தி, இம்முறை படங்களுடன் இணையப் பக்கம் போல அமைத்தேன். வீட்டில் அழகாகத் தெரிந்தது. பள்ளியிலோ படங்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள்! கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்திருந்தன. விண்டோஸ் அவற்றை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை; லினக்ஸுக்கு அவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்துக்கு மாற்றியபின் படங்கள் வந்தன.

பெரிய நிறுவனங்களுக்கும் இத்தொல்லை உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய யூனிக்ஸ் கைநூலின் முதற்பதிப்பு 3-11-1971 தேதியிட்டது. விண்டோஸ் 1990இல் தனக்கென ஒரு தனி உதவிக் கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது. 1997இல் மற்றொன்றைத் தந்தது. 2007இல் விஸ்டா பொதுமக்களுக்கு வந்தபோது, அந்த முதல் வடிவத்தைத் திறக்கும் நிரல் அதனுடன் வரவில்லை. எழுதி வைத்தவர்கள் பாடு திண்டாட்டந்தான். வெறும் எழுத்துக் கோப்புக்கும் நிம்மதியில்லை. தட்டச்சு தெரிந்த பெற்றோர் இதை எளிதில் புரிந்துகொள்வர்: வரி முடிந்ததும் உருளையை ஓரத்துக்குத் தள்ளுவது ஒரு வேலை, தாளை ஒரு வரி ஏற்றுவது மற்றொரு வேலை. விண்டோஸ் இரண்டுக்கும் இரு குறிகளை இடுகிறது; லினக்ஸுக்கு ஒன்றே போதும். அதனால் லினக்ஸில் எழுதிய பக்கம் விண்டோஸின் நோட்பேடில் ஒரே நீள வரியாகத் தெரிந்துகொண்டிருந்தது. 2018இல்தான் அக்குறை நீங்கியது.

உலாவி எல்லாக் கணிப்பொறிகளிலும் இருப்பதால், இப்போது பலரும் உதவிப் பக்கங்களை இணையப் பக்க வடிவிலேயே எழுதுகிறார்கள். லிப்ரே ஆபீஸ் செய்யும் ஒரு தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் உதவி வாசகம் ஒன்றேதான். வேறுபடும் சொல் வருமிடத்தில் மட்டும், 'மேக்காக இருந்தால் கமாண்ட், இல்லையேல் கன்ட்ரோல்' என்று மறைகுறி இட்டு வைக்கிறார்கள். படிப்பவருக்கு அவருடைய கணிப்பொறிக்கு உரியது மட்டும் தெரியும். மூன்று குறிப்புகளைத் தனித்தனியே எழுதினால், பிழை திருத்தும்போது ஒன்றில் திருத்தி மற்ற இரண்டையும் மறந்துவிடுவோம். மொழிபெயர்ப்பவருக்கும் மும்மடங்கு வேலை.

ஆனால் வரிக்கு வரி மறைகுறி இட்டால் எழுதுபவருக்கே தலை சுற்றும். என்னைக் கேட்டால், வேறுபாடே எழாதவாறு எழுதுவது அதனினும் நன்று. "இடது ஓரத்துப் பொத்தான்" என்பதற்குப் பதிலாக "சேவ் என்று எழுதியுள்ள பொத்தான்" என்றால் அது எந்தக் கணிப்பொறிக்கும் பொருந்தும். பச்சைப் பொத்தான், மேல் மூலைப் படம் போன்றவற்றையும் இவ்வாறே நீக்கினேன். நான்கு பக்கம் மூன்றாகச் சுருங்கிற்று! பத்துப் புத்தகத்திற்கு ஒருமுறை சேமிக்கவும் என்ற வரியைப் புதிதாகச் சேர்த்தேன். தோழி ஒருத்தியின் தந்தையார் மேக் வைத்திருக்கிறார். அதிலும் பார்த்தபோது இன்னொன்று அகப்பட்டது. மேக் மடிக்கணினியில் 'டெலீட்' என்று எழுதிய விசை, பின்னால் உள்ள எழுத்தை அழிக்கிறது. விண்டோஸில் அதே பெயருள்ள விசை முன்னால் உள்ளதை அழிக்கும். பெயர்கூடச் சில வேளை ஏமாற்றிவிடுகிறது! அந்த வரிக்கு மட்டும் மேக்குக்கெனத் தனிக் குறிப்பு எழுத வேண்டியதாயிற்று.

புதிய குறிப்பை முதலில் யாரிடம் தருவது என்று சிஸ்டர் கேட்டபோது, அந்த ஏழாம் வகுப்புத் தங்கையே முன்வந்தாள். அருகில் அமர்ந்து, வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். 73 புத்தகங்களையும் அவள் மறுபடி ஏற்ற இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. கடைசியில் மூடும்போது பெட்டி தோன்றியது. குறிப்பை ஒருமுறை பார்த்தாள்; என் முகத்தை ஒருமுறை பார்த்தாள்; பிறகு வலது ஓரத்தில் இருந்த 'சேவ்' பொத்தானை அழுத்தினாள்.