ஆணி கேட்காத பெட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் தயாராகும் இயந்திர பாகங்கள் பலவும் மரப்பெட்டிக்குள் அமர்ந்துதான் கப்பலேறுகின்றன. அந்தப் பெட்டியின் பலகை உட்புறம் வரை 56 டிகிரி செல்சியஸ் சூடேறி, 30 நிமிடம் அதே சூட்டில் இருந்திருக்க வேண்டும். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் நாடு விட்டு நாடு பரவாமல் தடுக்க ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி சொல்லும் முறைகளில் ஒன்று இது. பலகைகளைக் கூட்டுவது மட்டும் வெறும் ஆணிதான். போய்ச் சேர்ந்ததும் உடைத்துத் திறக்கும் பெட்டிக்கு ஆணி போதும்.

பேரப்பிள்ளை காலம் வரை நிற்க வேண்டிய பெட்டிக்குப் போதாது.

மூலையில் ஒரு பலகையின் முனை இன்னொரு பலகையின் முகத்தோடு சேர்கிறது. முனையில் இறங்கும் ஆணி மர இழைகளுக்கு இணையாகப் போவதால் பிடிப்பு குறைவு. பசையும் அங்கே சரியாகப் பற்றாது. இரண்டுக்கும் சேர்த்து விடை சொல்வது புறாவால் இணைப்பு. பட்டறைப் பேச்சில் டவ்டெயில். எகிப்தின் முதல் அரச மரபுக் காலக் கல்லறைகளில் கிடைத்த மரச்சாமான்களிலேயே இது இருக்கிறது. வயது சுமார் 5,000 ஆண்டு.

ஒரு பலகையின் முனையில், நுனி அகன்று அடி குறுகிய வால்கள். மற்றதில் அவற்றின் இடைவெளிகளை நிரப்பும் முளைகள். வால் பக்கம் இழுத்தால் பூட்டு விடாது. மேசை இழுப்பறையின் முகப்புப் பலகை, ஆயிரம் முறை இழுத்தாலும் கழன்று வராததற்கு இதுவே காரணம்.

சாய்வில்தான் சூட்சுமம். மென்மரத்துக்கு 6க்கு 1, தேக்கு போன்ற வன்மரத்துக்கு 8க்கு 1 என்பது வழக்கமான கணக்கு. சாய்வு கூடினால் வாலின் கூர்முனைகள் உதிரும். குறைந்தால் பூட்டே இல்லை.

முதலில் பலகையின் கனத்தைக் கேஜில் எடுத்துக் கோடு கிழிக்க வேண்டும். வால்களை அறுத்தபின் அவற்றை மற்றப் பலகையின் முனைமேல் வைத்துக் கத்தி முனையால் அச்சு எடுக்கிறார்கள். பென்சில் கோட்டின் தடிமன்கூட இங்கே அதிகம். ரம்பம் கோட்டின்மேல் ஓடக்கூடாது. கழிவுப் பக்கமாக, கோட்டை ஒட்டியே இறங்க வேண்டும். மிச்சத்தை உளியும் கொட்டாப்புளியும் இரு பக்கமிருந்தும் பாதிப்பாதியாக எடுக்கும். ஒரே பக்கமாக அடித்தால் மறுமுகம் சிதறிவிடும். அளவுகோலைவிட முதல் பலகையை நம்பும் இந்த முறைதான் கைவேலையின் உண்மையான பலம்.

கடற்காற்றின் ஈரத்தில் மரம் இழையின் குறுக்கே பருக்கும், நீளவாக்கில் அநேகமாக மாறாது. பெட்டியின் நான்கு பலகைகளிலும் இழை ஒரே திசையில் சுற்றி வருவதால் எல்லாம் சேர்ந்தே பருத்துச் சேர்ந்தே சுருங்கும், மூலை வெடிப்பதில்லை.

இதே வால் வடிவம் தொழிற்பேட்டைகளின் இரும்பிலும் இருக்கிறது. லேத்தின் குறுக்குச் சறுக்கி பெரும்பாலும் டவ்டெயில் தடத்தில்தான் நகர்கிறது. ஐடிஐ ஃபிட்டர் மாணவர்கள் இரும்புத் துண்டுகளை அரத்தால் ராவி, ஆண்-பெண் டவ்டெயிலாகப் பொருத்திப் பழகுகிறார்கள். சாய்ந்த மூலையை நேரடியாக அளப்பது கடினம் என்பதால் இரண்டு உருளைகளை அதில் வைத்து அளவெடுப்பார்கள். லேத்தில் தடம் தேய்ந்து ஆட்டம் வந்தால், சறுக்கிக்கும் தடத்துக்கும் இடையிலுள்ள ஜிப் பட்டையின் திருகை இறுக்கலாம். மரத்தில் இடுக்கு தெரிந்தால், தச்சர் அதே மரத்தின் மெல்லிய சீவலைப் பசை தடவிச் செருகி, காய்ந்தபின் இழைப்புளியால் சமன் செய்துவிடுகிறார்.