ஏலாக்குறிச்சி: கொள்ளிடக் கரையில் ஒரு வேதியர் பள்ளி

இந்த எபிசோட்ல நம்ம ஊர்ப் பக்கமே போகலாம். அரியலூர்லேர்ந்து தஞ்சாவூர் ரோட்டைப் பிடிச்சா கீழப்பழுவூர், அப்புறம் திருமானூர். அங்கேர்ந்து கிழக்கே திரும்பினா, கொள்ளிடத்தோட வடகரையில் ஏலாக்குறிச்சி. பழைய புத்தகங்களில் இந்த ஊரைத் தேடினால் 'திருச்சிராப்பள்ளி ஜில்லா' என்றுதான் இருக்கும். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. அதிலிருந்து பிரிந்த அரியலூர் நிலையாக நின்றது 2007-ல். மாவட்டத்தின் பேர்தான் மாறிக்கிட்டே இருந்தது, ஊர் அங்கேயேதான் இருக்கு.

ஏலாக்குறிச்சின்னு சொன்னதும் எல்லாருக்கும் அடைக்கல மாதா கோயில்தான் ஞாபகம் வரும். அரியலூர் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை வந்ததாகவும், வீரமாமுனிவர் இங்கே உள்ள மண்ணையும் தண்ணியையும் பூசிக் குணமாக்கியதாகவும், அதற்கு நன்றியாக மன்னர் நிலம் கொடுத்ததாகவும் ஊரில் சொல்வார்கள். கோயிலுக்கு வரும் யாரைக் கேட்டாலும் இந்தக் கதை கிடைக்கும். எனக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. அதே மனுஷர் அதே ஊரில் ஒரு பள்ளி நடத்தினார் என்பதைச் சொல்ல ஆள் ரொம்பக் குறைவு.

வீரமாமுனிவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-ல் பிறந்தார். இயேசு சபைத் துறவி. தமிழ்நாட்டுக்கு வந்த பிறகுதான் தமிழே படித்தார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, இந்த ஊர் மாதா மேல் ஒரு கலம்பகமே பாடினார். இங்கே அவர் நடத்தியது வேதியர் பள்ளி. வேதியர் என்றால் உபதேசியார். பாதிரியார் ஒரு ஊருக்கு எப்போதாவதுதான் வர முடியும். மற்ற நாளில் ஜெபம் சொல்லிக் கொடுப்பது, நோயாளியைப் பார்ப்பது, சாவுக்கு நிற்பது எல்லாம் உபதேசியார்தான். இவர்களுக்காகத்தான் அவர் 1727-ல் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். உரைநடையில் எழுதினார் என்பதைக் கவனிங்க. அந்தக் காலத்தில் மருத்துவம், சோதிடம், அகராதி என்று எதை எடுத்தாலும் செய்யுள்தான்.

இன்னைக்கு அங்கே போனால் கோயிலைப் பார்க்கலாம். அந்தப் பள்ளியை வகுப்பறை, விடுதி, நூலகம் என்று காட்டுவதற்கு எதுவும் இல்லை. அச்சுக்கூடமும் அங்கே இருந்ததில்லை. எல்லாம் ஓலையும் எழுத்தாணியும். ஒரு கல்லூரி வளாகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகக் கட்டடத்தில் ஆரம்பிப்போம். இங்கே அது முடியாது, அதனால் பாடப் புத்தகத்திலிருந்து போகலாம். யாருக்கு என்ன எழுதினார் என்று பார்த்தாலே யார் படித்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

புதிதாகக் கப்பலில் வந்திறங்கும் ஐரோப்பியப் பாதிரிகளுக்குத் தெருவில் பேசும் தமிழ் வேணும். அதற்கு 1728-ல் லத்தீனில் 'கொடுந்தமிழ்' இலக்கணம். வாசித்துப் பழக 'பரமார்த்த குரு கதை'. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள் வருவார்களே, அதேதான். நாம் சிறுவர் கதையாகப் படித்தது, வெளிநாட்டுக்காரர் பேச்சுத் தமிழ் கற்பதற்கான பாடம்! புலமைத் தமிழுக்கு 1730-ல் 'தொன்னூல் விளக்கம்': எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தும் 370 நூற்பாவுக்குள். அதன்பின் 1732-ல் 'சதுரகராதி'.

இந்தச் சதுரகராதியில் கொஞ்சம் நேரம் நிற்கணும், ஏன்னா இது என் தொழிலைத் தொடுகிற விஷயம். அதுக்கு முன்னாடி நம்மிடம் இருந்தவை திவாகரம், பிங்கலம், சூடாமணி போன்ற நிகண்டுகள். தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று வகை பிரித்துப் பாட்டாக இருக்கும், மனப்பாடம் செய்யணும். ஒரு சொல்லைத் 'தேட' முடியாது. 1594-ல் சிதம்பரம் ரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்தபோது முதலெழுத்துப்படி அடுக்கினார், ஆனாலும் அது சூத்திரம்தான். பெஸ்கி பாட்டை விட்டார். முதலெழுத்தோடு நிற்காமல் அடுத்த எழுத்துகளையும் பார்த்து அடுக்கினார். நூலை நாலாகவும் பிரித்தார். பெயரகராதியில் சொல்லைக் கொடுத்தால் பொருள் வரும். பொருளகராதியில் பொருளைக் கொடுத்தால் அதற்குரிய சொற்கள் வரும். தொகையகராதியில் முக்கனி, அறுசுவை மாதிரி எண்ணால் வருபவை. தொடையகராதியில் எதுகைச் சொற்கள், கவிஞர்களுக்கு. என் கண்ணுக்கு இது நாலு டேபிள் உள்ள டேட்டாபேஸ்.

ஆனால் எழுத்து வரிசையில் அடுக்க ஒரு நிபந்தனை உண்டு: எழுத்து தெளிவாக இருக்கணும். அப்போதைய வழக்கில் குறில் எ, ஒ மேல் புள்ளி வைக்கணும். புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று புள்ளியையே விட்டுவிடுவார்கள். கொடு, கோடு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பெறு, பேறு அப்படியே. இடம் பார்த்துத்தான் படிக்கணும். பெஸ்கி இதைத் திருப்பிப் போட்டார்: குறிலுக்கு அடையாளம் வேண்டாம், நெடிலுக்கு வைப்போம். ஏ-யின் கால், ஓ-வின் சுழி, இரட்டைக் கொம்பு எல்லாம் அந்த வழியில் நிலைத்தவை. இன்றைக்கு யூனிகோடில் எ, ஏ இரண்டுக்கும் தனித்தனி எண் இருக்கிறது.

அப்படியும் வரிசைச் சிக்கல் தீரவில்லை. யூனிகோடு எண் வரிசைப்படி அப்படியே அடுக்கினால் ன, ப-வுக்கு முன்னால் வந்து நிற்கும். நம் நெடுங்கணக்கில் அது கடைசி எழுத்து. புள்ளி வைத்த 'க்' போய் 'கௌ'வுக்குப் பின்னால் நிற்கும். அகராதியில் அது 'க'வுக்கு முன்னால் வரணும். இதற்காகவே தனி வரிசை விதிகளை மென்பொருளில் சேர்க்கிறோம். நம்ம ஆட்கள் பலர் அந்த விதிகளைப் பயன்படுத்தாமலே ஆப் வெளியிடுகிறார்கள், அது வேற கதை.

சரி, இவ்வளவு நடந்த இடம் ஏன் பெரிய கல்லூரியாக வளரவில்லை? ஊரில் அமைதி இல்லை. 1741-ல் மராத்தியர் திருச்சியைப் பிடித்தார்கள். பெஸ்கி தெற்கே போனார், 1747-ல் இறந்தார். 1773-ல் போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்துவிட்டார். பள்ளியைத் தொடர ஆளும் இல்லை, காசும் இல்லை. அந்தச் சபையார் 1830களின் கடைசியில் திரும்பி வந்து ஆரம்பித்த கல்லூரி 1844-ல் நாகப்பட்டினத்தில் எழுந்தது. 1883-ல் அது திருச்சிக்கு மாறியது. அதுதான் செயின்ட் ஜோசப் கல்லூரி. கொள்ளிடக் கரைக்கு அது வரவே இல்லை.

ஓலைகள் தப்பித்த விதம்தான் எனக்கு ஆச்சரியம். கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-ல் அச்சடித்தது தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் அச்சுக்கூடம். பெஸ்கி யாரை எதிர்த்துக் கண்டன நூல்கள் எழுதினாரோ அவர்களேதான்! சண்டை ஒரு பக்கம், நல்ல இலக்கணம் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டார்கள் போல. சதுரகராதி இன்னும் காத்திருந்தது. சென்னையில் கோட்டைக் கல்லூரி தொடங்கிய எல்லிஸ் துரை, பெஸ்கியின் ஏடுகளைத் தேடுவதற்கு முத்துசாமிப் பிள்ளையை அனுப்பினார். அவர் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார், பெஸ்கியின் வரலாற்றையும் தமிழில் எழுதினார். சதுரகராதி முழுசாக அச்சில் வந்தது 1824-ல். எழுதி 92 வருஷம் ஆகியிருந்தது, எல்லிஸ் இறந்தே 5 வருஷம் ஆகியிருந்தது.