வீட்டு ரூட்டர்: வாங்குவதா, ஆக்குவதா?

ஐதராபாத்தின் வடமேற்கே, மும்பை நெடுஞ்சாலையின் இருமருங்கும் பரந்து கிடப்பது குகட்பள்ளி. 1998ஆம் ஆண்டில் ஹைடெக் சிட்டியில் சைபர் டவர்ஸ் எழுந்தபின், அங்குப் பணிக்கு வந்தோர் பலர் இங்குக் குடியேறினர். அவர்களுள் நம்மவரும் உளர். பகலெல்லாம் வீட்டிலிருந்தவாறே அலுவலகப் பணி. இரவானால் ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தைத் திரையில் காணும் ஆவல். இரண்டுக்கும் ஆதாரம், சுவரோரம் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் ரூட்டர் என்னும் சிறு பெட்டி. அதனைக் கடையில் வாங்குவதா, மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினியையே அத்தொழிலுக்குப் பழக்குவதா என்பது நண்பர்கள் கூடுமிடத்தில் அடிக்கடி எழும் வழக்கு.

ரூட்டரின் தொழிலை முதலிற் காண்போம். அடுக்குமாடிக் கட்டடத்துக்குத் தெருவில் ஒரே கதவிலக்கம். உள்ளே பல குடித்தனங்கள். வாயிலில் நிற்கும் காவற்காரர், எந்தக் கடிதம் எந்த வீட்டுக்குரியது என்று நினைவில் வைத்துச் சேர்ப்பிக்கிறார். அழையாத அந்நியரை உள்ளே விடுவதில்லை. இணைய நிறுவனம் அளிக்கும் ஒரே முகவரியை வீட்டிலுள்ள கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி அனைத்தும் பங்கிட்டுக்கொள்ளச் செய்வது இத்தகைய காவற்பணியே.

இப்பணியை முதன்முதல் ஆற்றியதும் ஒரு கணினிதான். 1969இல் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் தொடங்கியபோது ஹனிவெல் நிறுவனத்தின் கணினிகளே செய்திகளைத் திசை பிரித்தன. லாட்வியா நாட்டில் 1996இல் தோன்றிய மைக்ரோடிக் நிறுவனமும் சாதாரணக் கணினியை ரூட்டராக்கும் மென்பொருளையே முதலில் விற்றது. தனிப் பலகைகள் பின்னர் வந்தன. ஆகவே கணினி ரூட்டரை விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று எள்ளுதல் தகாது.

அதன் வலிமை எங்கே விளங்குகிறது? அலுவலகத்தோடு பேசும் வி.பி.என். தொடர்பை ரூட்டரிலேயே அமைக்கும்போது, செய்தி முழுவதையும் மறைமொழியாக்கி அனுப்ப வேண்டும். மலிவான பெட்டி அங்கே மூச்சு வாங்கும். கணினிக்கு அது எளிது. மேலும், பெட்டி செய்த நிறுவனம் சில ஆண்டுகளில் மென்பொருள் திருத்தங்களை நிறுத்திவிடுவதுண்டு. 2018இல் விபிஎன்ஃபில்டர் என்னும் தீநிரல் 54 நாடுகளில் ஐந்து இலட்சம் கருவிகளேனும் பற்றியது; அவற்றுட் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரூட்டர்களே. கணினியிலோ பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் முதலிய இலவச மென்பொருள்களுக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன.

ஆனால் “பழைய கணினிக்குச் செலவே இல்லை” என்பது பிழையான கணக்கு. அது 50 வாட் உண்ணுமாயின், ஓயாது ஓடும் ஓராண்டுக்கு 438 யூனிட் ஆகும். 10 வாட் பெட்டிக்கு ஏறத்தாழ 88. யூனிட் ஏழு ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு 2,450 ரூபாய் மிகை. அத்தொகைக்கு ஒரு நல்ல பெட்டியே வந்துவிடும்! போதாக்குறைக்குக் கணினியில் இரண்டு வலைப்பின்னல் துளைகள் வேண்டும்; வைஃபைக்குத் தனிக் கருவியும் வேண்டும்.

இவற்றினும் பெரிதான ஒன்றை நான் பட்டறிந்தேன். பழைய கணினியை ரூட்டராக்கிச் சில மாதம் பெருமிதத்தோடு இருந்தேன். பொங்கலுக்கு நாங்கள் ஊர் சென்றபோது, பயணம் இயலாத என் தாயார் மட்டும் குகட்பள்ளி வீட்டில் தங்கினார். மறுநாள் மின்சாரம் போய் வந்தது. கணினி விழித்தெழுந்து, “விசைப்பலகை காணவில்லை, தொடர எஃப்1 விசையை அழுத்துக” என்று எழுதிக் காட்டியவாறு நின்றுவிட்டது. விசைப்பலகையும் இல்லை, அவ்வாசகத்தைக் காட்டத் திரையும் இல்லை. மூன்று நாள் அம்மாவின் முகத்தைக் காண இயலவில்லை. தொலைபேசியில், “என்னடா செய்யணும், சொல்லு” என்று அவர் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைப்பெட்டியாயிருந்தால் அணைத்துப் போடச் சொல்லியிருப்பேன்.

விசைப்பலகை இல்லாவிடினும் தொடரவும், மின்சாரம் மீண்டதும் தானே இயங்கவும் கணினியின் அடிப்படை அமைப்பில் முன்னரே குறித்திருக்கலாம். அது என் கவனக்குறைவு. எனினும், அமைத்தவன் ஊரில் இல்லாதபோது அதனைப் பேணுவோர் யார் என்ற வினாவுக்கு அக்குறிப்பு விடையாகாது.

ஆகவே, விவரமறிந்தவர் ஒருவரே உள்ள வீட்டுக்குப் பெட்டியே ஏற்றதென்பேன். வாங்குமுன், ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்கும் கருவிகளின் பட்டியலில் அதன் பெயரோடு பதிப்பெண்ணும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஒரே பெயரில் வெவ்வேறு உள்ளுறுப்புகளோடு விற்பதுண்டு. உற்பத்தியாளர் கைவிட்டாலும் அம்மென்பொருளால் பெட்டிக்கு மறுவாழ்வு கிட்டும். வி.பி.என். இன்றியமையாதவர்க்கு, இன்டெல் என்100 போன்ற சில்லுடன், விசிறியின்றி, பல துளைகளோடு வரும் சிறு கணினி நடுவழியாகும். அதன் மின்செலவும் குறைவு. சிகந்தராபாத்தின் சேனாய் டிரேட் சென்டரில் விசாரிக்கலாம்.

இப்போது என் வீட்டில் அத்தகைய சிறு கணினியே ஓடுகிறது. ஆயினும் பழைய கடைப்பெட்டியொன்றை இணைய நிறுவனத்தின் கடவுச்சொல்லோடு ஆயத்தமாக அலமாரியில் வைத்திருக்கிறேன். எந்தக் கம்பியை எந்தத் துளையில் மாற்றிச் செருகுவது என்று தமிழில் எழுதிய தாள் அதன் மேல் ஒட்டியுள்ளது. சென்ற முறை நான் வெளியூரில் இருந்தபோது அம்மாவே மாற்றிச் செருகிவிட்டார்.